கிரேவ்ஸ் தைராய்டு: மாத்திரையா, கதிரியக்க அயோடினா, ஆபரேஷனா?

அக்காவுக்குக் கிரேவ்ஸ் நோய், அதாவது தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோய். அவள் கையில் மருத்துவர் ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினார். அதில் மூன்றே வரி: மாத்திரை, கதிரியக்க அயோடின், அறுவை சிகிச்சை. "மூன்றுமே சரியான வழிதான். யோசித்துவிட்டு அடுத்த முறை வரும்போது சொல்லுங்கள்" என்றாராம். வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாளை என்னிடம் நீட்டி, "எனக்கு ஒன்னும் புரியல, நீயே ஒன்னைச் சொல்லு" என்றாள். அதன் பிறகு படித்ததையும், அவளோடு ஒவ்வொரு பரிசோதனைக்கும் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் சில நாட்கள் நாங்கள் தவறான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தோம். எது நிரந்தரமாகக் குணமாக்கும் என்று தேடினால் மூன்றுக்கும் சாதகமாகப் பதில் கிடைக்கிறது, குழப்பம்தான் கூடுகிறது. உண்மையில் மூன்றும் நம் கையில் ஏதோ ஒன்றை விட்டுவிட்டுத்தான் போகின்றன. மாத்திரை, நோய் திரும்பி வருமோ என்ற காத்திருப்பை விட்டுச் செல்கிறது. அயோடினும் ஆபரேஷனும் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கத் தினம் ஒரு தைராக்சின் (தைராய்டு ஹார்மோன்) மாத்திரையை விட்டுச் செல்கின்றன. இதில் எதோடு என்னால் வாழ முடியும் என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான் பேச்சு நகர்ந்தது.

முதலில், இது கிரேவ்ஸ்தானா?

தைராய்டு சுரப்பி கழுத்தின் முன்பக்கம் இருக்கிறது. டி4, டி3 என்ற இரண்டு ஹார்மோன்களைச் சுரந்து, உடம்பு எந்த வேகத்தில் இயங்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. அதை மேலே இருந்து மேய்ப்பது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் பிட்யூட்டரி டி.எஸ்.எச். ஹார்மோனைக் கூட்டும், அதிகமானால் குறைக்கும். அதனால்தான் தைராய்டு அதிகமாகச் சுரக்கும்போது ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு இறங்கியிருக்கும். எண் குறைவாக இருப்பதைப் பார்த்து 'தைராய்டு குறைவு' என்று எடுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர், விஷயம் நேர்மாறானது.

கிரேவ்ஸ் நோயில் உடம்பின் நோய் எதிர்ப்பு மண்டலமே ஒரு எதிர்ப்பொருளை உருவாக்கி, அது டி.எஸ்.எச். உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு சுரப்பியை ஓயாமல் முடுக்கிக்கொண்டே இருக்கிறது. படபடப்பு, கை நடுக்கம், நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவது, வியர்வை, தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் அதனால் வருபவை. சிலருக்குக் கண்கள் பிதுங்கி உறுத்தும். அயர்லாந்து மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் 1835இல் இதை விவரித்தார். ஜெர்மனியில் 1840இல் பாசெடோ என்பவர் விவரித்ததால் ஐரோப்பாவின் பல பகுதிகளில் இதற்குப் பாசெடோ நோய் என்றே பெயர்.

ஆனால் படபடப்பும் குறைந்த டி.எஸ்.எச்.சும் இருந்தாலே கிரேவ்ஸ் என்று முடிவு கட்டிவிட முடியாது. சுரப்பியில் அழற்சி வந்து, ஏற்கனவே சேமித்து வைத்திருந்த ஹார்மோன் கசிந்தாலும் இதே ரிப்போர்ட்தான் வரும். பிரசவத்துக்குப் பிறகும், சில வைரஸ் தொற்றுகளுக்குப் பிறகும் இப்படி ஆவதுண்டு. அங்கே சுரப்பி அதிகமாக உற்பத்தி செய்யவில்லை; ஆகவே உற்பத்தியைத் தடுக்கும் மாத்திரைக்கு வேலையே இல்லை, அயோடினும் ஆபரேஷனும் தேவையில்லை, பெரும்பாலும் சில மாதங்களில் தானாக அடங்கிவிடும். இன்னொரு பக்கம், சுரப்பியில் ஒரு கட்டி தன்னிச்சையாகச் சுரந்துகொண்டிருக்கலாம். அதற்கு மாத்திரை கொடுத்தால் கட்டுப்படும், நிறுத்தினால் அநேகமாகத் திரும்ப வரும். அங்கே போட்டி அயோடினுக்கும் ஆபரேஷனுக்கும் நடுவில்தான். ஆக, மூன்று வழிகளையும் தராசில் வைப்பதற்கு முன், டி.எஸ்.எச். ஏற்பி எதிர்ப்பொருள் பரிசோதனை (மேலே சொன்ன எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது) அல்லது சுரப்பி எவ்வளவு அயோடினை உறிஞ்சுகிறது என்று பார்க்கும் ஸ்கேன், இரண்டில் ஒன்றாவது நடந்திருக்க வேண்டும். அது இல்லாமல் யாராவது நேராக அயோடினுக்கோ ஆபரேஷனுக்கோ போகச் சொன்னால், தயங்காமல் கேளுங்கள்.

இங்கே இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். முடி உதிர்கிறது என்று பலர் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறார்கள். அதிக அளவு பயோட்டின், சில ஆய்வகக் கருவிகளில் டி.எஸ்.எச்.சைக் குறைத்தும் டி4ஐக் கூட்டியும், சில சமயம் எதிர்ப்பொருளையும் கூட அதிகமாகக் காட்டிவிடும். நோயே இல்லாதவருக்குத் தாளில் கிரேவ்ஸ் வந்துவிடும். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பாவது நிறுத்திவிட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்ததை ஆய்வகத்திலும் மருத்துவரிடமும் சொல்லிவிடுவது நல்லது.

மாத்திரை: பொறுமை கேட்கும் வழி

மூன்றில் சுரப்பியை அழிக்காமல் விட்டுவைப்பது இது ஒன்றுதான். கார்பிமசோல், மெத்திமசோல், புரோபைல்தையோயுராசில் என்று மூன்று மருந்துகள் புழக்கத்தில் உள்ளன. கார்பிமசோல் உடம்புக்குள் போனதும் மெத்திமசோலாக மாறிவிடுகிறது, ஆக அந்த இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. இந்த வகை மருந்துகளை ஹைப்பர்தைராய்டுக்கு (தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நிலைக்கு) முதலில் கொடுத்துப் பார்த்தவர் எட்வின் ஆஸ்ட்வுட், ஆண்டு 1943. புதிதாக ஹார்மோன் உருவாவதை இவை தடுக்கின்றன. ஏற்கனவே சுரப்பியில் சேர்ந்து கிடக்கும் இருப்பு தீர வேண்டும் என்பதால், டி4 சரியாக நான்கு முதல் ஆறு வாரமாவது பிடிக்கும். டி.எஸ்.எச். இன்னும் மெதுவாக, சில மாதங்கள் கழித்துத்தான் தலைதூக்கும். முதல் மாதத்திலேயே மருந்து வேலை செய்யவில்லை என்று கைவிடுவது அவசரம். அந்த இடைக்காலத்தில் படபடப்பும் நடுக்கமும் தணிய புரோப்ரனலால் போன்ற மருந்தைச் சேர்த்துத் தருவார்கள். ஆஸ்துமா இருப்பவர்கள் அதை மறக்காமல் சொல்லிவிட வேண்டும்.

வழக்கமான கெடு 12 முதல் 18 மாதங்கள். அதன் பிறகு எதிர்ப்பொருள் இறங்கியிருந்தால் நிறுத்திப் பார்ப்பார்கள். நிறுத்திய பின் நோய் திரும்பாமல் இருப்பவர்கள் சுமார் பாதிப் பேர். திரும்புவதானால் பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள்ளேயே திரும்பிவிடும். இந்தப் பாதிக்குப் பாதி எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை என்பதுதான் முடிவெடுக்க உதவும் தகவல். சுரப்பி பெரிதாக வீங்கியிருந்தாலும், எதிர்ப்பொருள் கடைசி வரை உயர்ந்தே இருந்தாலும், புகைப்பழக்கம் இருந்தாலும் திரும்பும் வாய்ப்பு கூடும். சிறிய சுரப்பி, லேசான நோய், இறங்கிவிட்ட எதிர்ப்பொருள் என்றால் மாத்திரைக்கு வெற்றி வாய்ப்பு அதிகம்.

18 மாதத்தில் நிறுத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. குறைந்த அளவு மெத்திமசோலைப் பல ஆண்டுகள் தொடர்ந்து எடுத்துக்கொண்டவர்களைக் கவனித்த ஆய்வுகள், அது பாதுகாப்பானதாகவே இருப்பதைக் காட்டியிருக்கின்றன. நீண்ட காலம் எடுத்தவர்களுக்கு நோய் திரும்புவதும் குறைவாக இருந்திருக்கிறது. சுரப்பியை இழக்க மனமில்லாதவருக்கு இது உண்மையான ஒரு நான்காவது வழி. அக்காவின் தாளில் அது எழுதப்படவில்லை.

இனி, மாத்திரையின் ஆபத்து. தோலில் அரிப்பும் தடிப்பும் வருவது ஓரளவு சகஜம், சமாளிக்கலாம். பயப்பட வேண்டியது வேறு. ஆயிரம் பேரில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு இந்த மருந்து ரத்தத்தின் வெள்ளை அணுக்களை அடியோடு சரித்துவிடும். பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல். அப்போது தொற்றை எதிர்க்க உடம்பில் ஆளே இருக்காது. காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் என்று தொடங்கும். அப்படி ஒன்று வந்தால், அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றே ரத்த அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்பதே கூடாது.

அக்காவுக்கு இதை யாரும் சொல்லவில்லை. மருந்து தொடங்கி ஆறாவது வாரம் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தது. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு இரண்டு நாள் படுத்திருந்தாள், கார்பிமசோலையும் விடாமல் விழுங்கினாள். மூன்றாம் நாள் தற்செயலாக நான் மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்துவிட்டு அவளை இழுத்துக்கொண்டு ஓடினேன். அணுக்கள் சரியாகவே இருந்தன, சாதாரணத் தொண்டைத் தொற்றுதான். இருந்தாலும் அந்த மூன்று மணி நேரம் ரிப்போர்ட்டுக்காக உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவே மாட்டேன். மருந்துச் சீட்டை நீட்டும்போதே சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் அது. சொல்ல அரை நிமிடம் ஆகுமா?

கல்லீரலும் கவனத்தில் இருக்க வேண்டும். கண்ணோ தோலோ மஞ்சளாவது, சிறுநீர் அடர்நிறமாவது, தாங்க முடியாத சோர்வு வந்தால் உடனே காட்ட வேண்டும். குறிப்பாக புரோபைல்தையோயுராசில் அரிதாகக் கல்லீரலையே செயலிழக்கச் செய்திருப்பதால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010இல் அதன் மீது மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. இன்று அது முதல் தேர்வாக இருப்பது கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களிலும் வேறு ஒரு சில சூழல்களிலும் மட்டுமே. கார்பிமசோலும் மெத்திமசோலும் அந்த ஆரம்ப வாரங்களில் கருவின் உறுப்பு உருவாக்கத்தைப் பாதிக்கக்கூடும் என்பதே காரணம். மாத்திரையில் இருக்கும் பெண்ணுக்கு மாதவிடாய் தள்ளிப்போனால், அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும்.

கதிரியக்க அயோடின்: ஒரு வேளையில் முடியும், ஆனால் உடனே முடியாது

1936இல் பாஸ்டனில் நடந்த ஒரு மதிய உரையின் முடிவில், சால் ஹெர்ட்ஸ் என்ற இளம் மருத்துவர் இயற்பியலாளர் கார்ல் காம்ப்டனிடம் ஒரு கேள்வி கேட்டார்: அயோடினைச் செயற்கையாகக் கதிரியக்கம் உள்ளதாக ஆக்க முடியுமா? தைராய்டு மட்டும்தான் அயோடினை அள்ளி அள்ளிச் சேர்த்துக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். அயோடினில் கதிரியக்கத்தை ஏற்றி அனுப்பினால் அது தானாகவே சரியான முகவரிக்குப் போய்ச் சேரும். 1941இல் முதல் நோயாளிக்கு அதைக் கொடுத்தார். மருத்துவத்தில் இத்தனை அழகான யோசனைகள் அதிகம் இல்லை.

இன்று பயன்படுவது அயோடின்-131. ஒரு காப்ஸ்யூலாகவோ திரவமாகவோ விழுங்க வேண்டியதுதான். அதன் அரை ஆயுள் 8 நாட்கள், அதாவது எட்டு நாளில் கதிரியக்கம் பாதியாகிவிடும். அது வெளியிடும் பீட்டா கதிர்கள் ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் பயணிப்பதில்லை, ஆகவே சேதம் சுரப்பிக்குள்ளேயே அடங்குகிறது. மயக்க மருந்து இல்லை, தழும்பு இல்லை. ஒரே அளவில் பெரும்பாலானோருக்கு நோய் அடங்கிவிடும், சிலருக்கு ஆறு மாதம் கழித்து இன்னொரு அளவு தேவைப்படும்.

ஆனால் பலன் மெதுவாகத்தான் வரும். ஆறு வாரத்தில் தொடங்கி ஆறு மாதம் வரை ஆகலாம். ஆரம்பத்தில் சேதமான சுரப்பியிலிருந்து ஹார்மோன் கசிந்து படபடப்பு கொஞ்சம் கூடவும் கூடும். வயதானவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் முதலில் மாத்திரை கொடுத்துக் கட்டுப்படுத்திவிட்டுத்தான் அயோடின் தருவார்கள். அயோடினுக்குச் சில நாட்கள் முன் அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். அப்புறம் ஒரு கட்டத்தில் சுரப்பி ஓய்ந்து, தைராய்டு குறைபாடு வரும். அது தவறு நடந்ததால் வரும் பின்விளைவு அல்ல. இன்று பல மருத்துவர்கள் குறிவைத்தே கொடுப்பது அதைத்தான். அதனால் முதல் அரை வருடம் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை கட்டாயம். காப்ஸ்யூலை விழுங்கிவிட்டுக் காணாமல் போய்விடுபவர்கள், எடை கூடி, குளிர் தாங்காமல், மந்தமாகி, என்ன ஆயிற்று என்று தெரியாமல் திண்டாடுவது நடக்கிறது.

யாருக்குக் கூடாது என்பதில் சந்தேகமே இல்லை: கர்ப்பிணிக்கும் தாய்ப்பால் கொடுப்பவருக்கும் கூடவே கூடாது. கருவின் தைராய்டும் அந்த அயோடினை உறிஞ்சும், அழியும். எடுத்துக்கொண்ட பெண் குறைந்தது ஆறு மாதம் கருத்தரிக்கக் கூடாது. ஆண்களுக்கும் சில மாத இடைவெளி சொல்வார்கள். சில நாட்களுக்குக் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்காமல், தனியாகப் படுத்து, தனிக் கழிப்பறை பயன்படுத்த வேண்டியிருக்கும். எத்தனை நாள் என்பது கொடுத்த அளவையும் அந்தந்த நாட்டு விதியையும் பொறுத்தது. படிப்பதற்கு இது சின்ன நிபந்தனையாகத் தெரியும். மூன்று வயதுக் குழந்தை அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் தூங்கும் என்ற வீட்டில், அது சின்ன நிபந்தனை இல்லை. வேறு யார் பார்த்துக்கொள்வார்கள் என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்யாமல் தேதி குறிக்காதீர்கள். விமானப் பயணம் இருந்தால் மருத்துவமனைக் கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும். வாரக்கணக்கில் கழித்தும் கதிர்வீச்சைக் கண்டறியும் கருவிகள் ஒலி எழுப்பலாம்.

கண் விஷயம் இதைவிடப் பெரியது. அயோடினுக்குப் பிறகு எதிர்ப்பொருள் சில மாதங்கள் உயர்ந்து நிற்கும். அந்தக் காலத்தில் நூற்றில் சுமார் பதினைந்து பேருக்குக் கண் பாதிப்பு புதிதாக வருகிறது அல்லது இருப்பது மோசமாகிறது. புகைப்பவர்களுக்கு இன்னும் அதிகம். லேசான கண் பாதிப்பு என்றால் ஸ்டீராய்டு துணையோடு கொடுக்கலாம். நடுத்தரமாகவோ கடுமையாகவோ கண் பாதிப்பு தீவிரமாக இருக்கும்போது பொதுவாகத் தவிர்ப்பார்கள்.

புற்றுநோய் வருமா என்று எல்லோரும் கேட்பார்கள். எண்பது ஆண்டுப் பயன்பாட்டில் திரண்ட தரவு மொத்தத்தில் ஆறுதலானது. 2019இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு, அதிக அளவு கதிர்வீச்சு பெற்ற உறுப்புகளில் பல ஆண்டுகள் கழித்துச் சிறிய கூடுதல் ஆபத்து இருக்கலாம் என்று சொன்னது. அதன் மீது விவாதம் நடக்கிறது. 65 வயதுக்காரருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. 25 வயதுக்காரர் மருத்துவரிடம் பேசிப் பார்க்கலாம்.

ஆபரேஷன்: வேகமானது, அதனால் கை முக்கியம்

ஸ்விட்சர்லாந்து அறுவை மருத்துவர் தியோடர் கோக்கர் தைராய்டு ஆபரேஷனை உயிருக்கு ஆபத்தில்லாத ஒன்றாக மாற்றினார், 1909இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் சுரப்பியை முழுவதும் எடுத்த பலர் பிறகு மந்தமாகி, வீங்கி, ஒடுங்கிப் போனதை 1883இல் அவரே வெளிப்படையாக எழுதினார். சுரப்பியை எடுத்தால் ஹார்மோனை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. தன் தவறைத் தானே எழுதிவைத்த அந்த நேர்மை எனக்கு அவருடைய பரிசைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

இன்று கிரேவ்ஸுக்குப் பெரும்பாலும் சுரப்பி முழுவதையும் எடுத்துவிடுகிறார்கள். கொஞ்சம் விட்டுவைத்தால் மிச்சத்தில் நோய் திரும்பலாம். முழுதும் எடுத்தால் அன்றோடு ஹைப்பர் முடிந்தது, மறுநாளே தைராக்சின் தொடங்கிவிடும். மூன்று வழிகளிலும் இத்தனை விரைவானது வேறில்லை. சுரப்பி மிகப் பெரிதாகி மூச்சையோ விழுங்குவதையோ அழுத்தினால், உள்ளே சந்தேகத்துக்குரிய கட்டி இருந்தால், கண் பாதிப்பு கடுமையாக இருந்தால், விரைவில் கருத்தரிக்க விரும்பினால், ஆபரேஷனே முன்னால் வரும்.

ஹார்மோன் கட்டுக்குள் வராமல் ஆபரேஷன் மேசைக்குப் போவது ஆபத்து. தைராய்டு புயல் என்று சொல்லும் உயிர்கொல்லி நிலை வரலாம். ஆகவே முதலில் மாத்திரையால் டி3, டி4ஐச் சரிசெய்து, கடைசி ஒரு வாரம் பத்து நாள் அயோடின் கரைசல் சொட்டுகள் கொடுத்துச் சுரப்பியின் ரத்த ஓட்டத்தைக் குறைப்பார்கள்.

ஆபத்து இரண்டு சிறிய பொருட்களில் இருக்கிறது. ஒன்று, குரல்நாண்களுக்குப் போகும் நரம்பு, சுரப்பியை ஒட்டியே ஓடுகிறது. மற்றது, கால்சியத்தைக் கவனிக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள், அரிசிமணி அளவில் தைராய்டின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். அனுபவமுள்ள கையில் நிரந்தரக் குரல் பாதிப்பும் நிரந்தரக் கால்சியக் குறைபாடும் நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான். தற்காலிகமாகக் கால்சியம் இறங்குவது அதைவிடப் பல மடங்கு சகஜம்: உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் ஊசி குத்துவது போல இருக்கும், சில வாரம் கால்சியம் மாத்திரை எடுக்க வேண்டும்.

இந்த 'அனுபவமுள்ள கை' என்பதை வெறும் உபசார வார்த்தையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆண்டுக்கு 25க்கும் மேல் தைராய்டு ஆபரேஷன் செய்பவர்களிடம் சிக்கல்கள் குறைவு என்று ஆய்வு இருக்கிறது. "வருஷத்துக்கு எத்தனை தைராய்டு ஆபரேஷன் செய்றீங்க?" என்று கேட்க அக்காவுக்குக் கூச்சம். நான்தான் கேட்டேன். அந்த மருத்துவர் கோபப்படவில்லை, எண்ணையும் சொன்னார், தன்னிடம் எத்தனை பேருக்குக் குரல் மாறியது என்பதையும் சொன்னார். அப்படிப்பட்ட கை பக்கத்தில் கிடைக்காது என்றால், என் பார்வையில் ஆபரேஷன் பட்டியலில் கடைசிக்குப் போய்விட வேண்டும்.

தினம் ஒரு மாத்திரை என்ற பயம்

எங்கள் வீட்டில் முடிவைத் தள்ளிப்போட்டது இதுதான். "ஆயுசுக்கும் மாத்திரையா?" என்று அம்மா கேட்ட ஒவ்வொரு முறையும் அக்கா மறுபடி கார்பிமசோலுக்கே திரும்பினாள். இந்தப் பயத்துக்கு உரிய எடை என்ன என்று பார்ப்போம்.

1891இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே, தைராய்டு குறைபாட்டால் முடங்கியிருந்த ஒரு பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி மூலம் கொடுத்தார். அந்தப் பெண் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து 1919இல், 74 வயதில் இறந்தார். இன்றைய தைராக்சின், சுரப்பி உருவாக்கும் அதே டி4தான். வெளி மருந்து என்பதைவிட, இல்லாததை ஈடுகட்டுவது என்பதே பொருந்தும். உடம்பில் அதன் அரை ஆயுள் ஏறக்குறைய ஒரு வாரம் என்பதால், ஒரு நாள் மறந்தால் ஒன்றும் ஆகிவிடாது. சுரப்பி முழுதும் போனவருக்கு எடையில் கிலோவுக்கு சுமார் 1.6 மைக்ரோகிராம் என்று தொடங்கி, ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பார்த்து அளவைச் சரிசெய்வார்கள். நிலைபெற்ற பிறகு வருடத்துக்கு ஒருமுறை பார்த்தாலே பெரும்பாலும் போதும். வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன். இரும்பு, கால்சியம் மாத்திரைகளிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி. ஆபரேஷனுக்குப் பின் கால்சியமும் சேர்ந்து வருவதால் இந்த இடைவெளியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. டி.எஸ்.எச். சரியாக இருந்தும் சோர்வும் மந்தமும் போகவில்லை என்று சொல்பவர்கள் ஒரு சிறு பகுதியினர் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் அதோடு ஒப்பிட வேண்டியது நோயில்லாத காலத்தை அல்ல; கட்டுப்படாத ஹைப்பர் தைராய்டை. அது எலும்பைக் கரைக்கிறது, வயதானவர்களின் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கிப் பக்கவாதம் வரை கொண்டுபோகிறது. ஆண்டுக்கொரு முறை ஏறி இறங்கும் நோயைவிட, நிலையான ஒரு குறைபாட்டை மாத்திரையால் நிரப்பிக்கொள்வது பலருக்கு நிம்மதியான வாழ்க்கை.

அப்படியானால் யாருக்கு எது?

ஒரே நோய்க்கு நீண்ட காலம் அமெரிக்க மருத்துவர்கள் அயோடினையும், ஐரோப்பிய, ஜப்பானிய மருத்துவர்கள் மாத்திரையையும் முதலில் எடுத்திருக்கிறார்கள். இரண்டு தரப்பும் படித்தவர்கள்தான். ஒரே சரியான விடை இருந்திருந்தால் இந்த வித்தியாசம் வந்திருக்காது.

என் கருத்தைக் கேட்டால், புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட பெரும்பாலானோர் மாத்திரையில் தொடங்குவது நல்லது. காரணம் எளியது: மாத்திரையிலிருந்து மற்ற இரண்டுக்கும் எப்போது வேண்டுமானாலும் போகலாம், மற்ற இரண்டிலிருந்து திரும்பி வர வழி இல்லை. இதற்கு விதிவிலக்கு, இதயம் பலவீனமான வயதானவர். அவருக்கு இன்னொரு முறை நோய் திரும்புவதே ஆபத்து என்பதால், கட்டுப்படுத்திய கையோடு அயோடின் கொடுத்து முடித்துவிடுவது பொருத்தம். மாத்திரையில் ஒருமுறை தோற்ற, கண் பாதிப்பு இல்லாத, வீட்டில் கைக்குழந்தை இல்லாத ஒருவருக்கும் அயோடின் நல்ல தேர்வு. வெள்ளை அணுக்கள் ஒருமுறை சரிந்தவருக்கு இந்த மாத்திரைகளின் கதவு மூடிவிட்டது. அவர் மற்ற இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க வேண்டும். எந்த வழிக்குப் போனாலும் புகைப்பவர் அதை நிறுத்தியாக வேண்டும். கண்ணுக்கு அதைவிடப் பெரிய உதவி எதுவும் நாமாகச் செய்ய முடியாது.

அக்கா 18 மாதம் மாத்திரை எடுத்தாள். கடைசி வரை எதிர்ப்பொருள் இறங்கவில்லை, சுரப்பியும் பெரிதாகவே இருந்தது. இருந்தும் நிறுத்திப் பார்த்தோம். நான்காவது மாதம் நடுக்கம் திரும்பியது. லேசாகக் கண் உறுத்தலும், கழுத்தை விடாத மூன்று வயது மகனும் இருந்ததால் அயோடினை ஒதுக்கினாள். குறைந்த அளவு மாத்திரையை ஆண்டுக்கணக்கில் தொடரலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். "அடுத்த குழந்தையைப் பத்தி யோசிக்கிறேன், இந்த மருந்தோட வேண்டாம்" என்றாள். அந்த ஒரு வாக்கியம் முடிவைச் சொல்லிவிட்டது. ஆபரேஷன் ஆனது. ஐந்து வாரம் விரல் நுனியில் ஊசி குத்தியது, கால்சியம் எடுத்தாள், நின்றது. குரல் அப்படியே இருக்கிறது. தைராக்சின் அளவு மூன்றாவது முறை மாற்றிய பிறகு பொருந்தியது.

இப்போது அவள் கர்ப்பமாக இருக்கிறாள். மகப்பேறு மருத்துவரிடம் முதல் முறை போனபோது, "தைராய்டு குறைபாட்டுக்கு மாத்திரை எடுக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அது போதாது. சுரப்பியை எடுத்துவிட்டாலும், அயோடினால் அழித்துவிட்டாலும், அந்த எதிர்ப்பொருள் ரத்தத்தில் தங்கியிருக்கலாம். நஞ்சுக்கொடியைத் தாண்டி, குழந்தையின் தைராய்டை முடுக்கலாம். ஆபரேஷனுக்குப் பின் அது படிப்படியாக இறங்கும், அயோடினுக்குப் பின் ஓராண்டோ அதற்கு மேலோ உயர்ந்து நிற்கலாம். ஆகவே "எனக்குக் கிரேவ்ஸ் இருந்தது" என்று சொல்ல வேண்டும், கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே எதிர்ப்பொருளைப் பார்க்கச் சொல்ல வேண்டும். உயர்ந்திருந்தால் 18 முதல் 22 வாரத்துக்குள் மறுபடியும். அடுத்த நாளே தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னாள். பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.